வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) வாங்கிய பிறகு மும்பையில் பகுதி நேர வேலை: எங்கே தேடுவது, பென்ஷனை என்ன செய்வது?

கேள்வி: "வயது 53. பாண்டுப்பில் இருந்த கம்பெனியில் வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டேன். பையன் இன்னும் படிக்கிறான். பி.எஃப். பென்ஷனை இப்போதே வாங்கிக்கொண்டு, பக்கத்திலேயே பகுதி நேர வேலை பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?"

கொடுப்பார்கள். நானும் எல்.பி.எஸ். ரோட்டில் இருந்த ஒரு தொழிற்சாலையின் அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து வி.ஆர்.எஸ்.ஸில் வெளியே வந்தவன்தான். இப்போது முலுண்டில் இருந்துகொண்டு பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் வேலையை விட அந்த "இப்போதே"தான் எனக்குக் கவலை. அதை முதலில் பேசிவிடுவோம்.

பி.எஃப். கணக்கோடு சேர்ந்து நமக்கு வரும் இ.பி.எஸ். பென்ஷனுக்கு உரிய வயது 58. பத்து வருட சர்வீஸ் முடித்து வேலையை விட்டவர்கள் 50 வயதிலிருந்தே கேட்டு வாங்கலாம். ஆனால் 58க்கு எத்தனை வருடம் குறைகிறதோ, வருடத்துக்கு 4 சதவீதம் வீதம் வெட்டுவார்கள். 58 ஆனதும் அது ஏறிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஏறாது, ஆயுள் முழுக்க வெட்டிய தொகைதான். 58இல் மாதம் 4,000 வர வேண்டியவருக்கு 53இல் ஏறக்குறைய 3,200தான் வரும். சரி, அப்படியானால் முன்கூட்டி வாங்குவது மோசமா? அப்படியும் சொல்ல மாட்டேன். அந்த ஐந்து வருடத்தில் கையில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கும். மாதம் 800 வீதம் அது கழிய ஏறக்குறைய இருபது வருடம் பிடிக்கும். வீட்டுக்கு இன்று பணம் அவசரம் என்றால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், யார் குறை சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

நான் சொல்ல வருவது வரிசையைப் பற்றி. முதலில் வேலை, அதற்குப் பிறகு பென்ஷன் கேட்கும் 10டி படிவம். காரணம் இருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் இடம் பி.எஃப். பிடிக்கும் நிறுவனமாக இருந்தால், பழைய யு.ஏ.என். எண்ணிலேயே (பி.எஃப். உறுப்பினர் எண்) சேர்ந்து 58 வரை பென்ஷன் சர்வீஸை நீட்டிக்க முடியும். வெட்டிய பென்ஷன் வாங்கத் தொடங்கியவர் மறுபடி வேலைக்குச் சேர்ந்தால் அந்தக் கதவு மூடிவிடும். முதலாளி பங்கு முழுவதும் பி.எஃப்.பில் போகும், பென்ஷன் கணக்கில் எதுவும் ஏறாது. 58 வயதுக்கு மேலும் பென்ஷனைக் கேட்காமல் 60 வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூட்டியே கொடுக்கிறார்கள். ஆகவே வேலை தேடும் இந்தச் சில மாதங்களுக்கு, வி.ஆர்.எஸ். பணத்தில் ஒரு பகுதியைச் சேமிப்புக் கணக்கில் வைத்துச் சாப்பிடுங்கள். மொத்தத்தையும் நீண்டகால டெபாசிட்டில் பூட்டிவிட்டு, செலவுக்கு இல்லையே என்று பென்ஷனைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, பழைய கம்பெனி ஆட்களே "காண்ட்ராக்ட்டில் வாங்க" என்று கூப்பிடுவார்கள். வி.ஆர்.எஸ். தொகையில் 5 லட்சம் வரை வரி இல்லை என்ற சலுகை ஆயுளில் ஒருமுறைதான். அந்தச் சலுகைக்கு உட்பட்ட திட்டத்தில், உங்கள் இடத்தை வேறு ஆளைக் கொண்டு நிரப்பக் கூடாது, அதே நிர்வாகத்தின் வேறு நிறுவனத்திலும் உங்களை வேலைக்கு எடுக்கக் கூடாது என்று நிபந்தனை உண்டு. எனவே கையெழுத்துப் போட்ட காகிதங்களை எடுத்து ஒருமுறை படித்துவிட்டு அப்புறம் பதில் சொல்லுங்கள். பொதுத்துறை நிறுவனத்தில் வி.ஆர்.எஸ். வாங்கியவர்களுக்கு இது இன்னும் கடுமை: வேறொரு மத்தியப் பொதுத்துறை நிறுவனத்தில் சேர வேண்டுமானால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டும். 2020 ஜனவரி 31 அன்று பொதுத்துறைத் தொலைபேசி நிறுவனமான எம்.டி.என்.எல்.லிலிருந்து வெளியே வந்த நண்பர்கள் பலர் இதனால்தான் தனியார் பக்கமே தேடினார்கள்.

இப்போது வேலை. நம் வயதுக்கு வேலைவாய்ப்புத் தளங்களில் பயோடேட்டா போட்டுக் காத்திருப்பது வீண் என்பது என் அனுபவம். அங்கே தேடுபவர்களுக்கு முழு நேரத்துக்கு, குறைந்த சம்பளத்துக்கு, முப்பது வயது ஆள் வேண்டும். நமக்கான வேலை, விளம்பரம் வராத இடத்தில் இருக்கிறது. மாதத்தில் சில நாள் மட்டும் கட்டாயமாகத் தேவைப்படும் ஆளை யார் தேடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

தானேயில் வாக்ளே எஸ்டேட் முழுக்கச் சின்னப் பட்டறைகள். பத்துப் பதினைந்து பேர் வேலை செய்வார்கள், முதலாளியே மிஷின் பக்கத்தில் நிற்பார். அவருக்கு முழு நேர அக்கவுண்டன்ட் கட்டுப்படியாகாது. ஆனால் அவர் மாதத்தை அரசாங்கம் தேதி போட்டு வைத்திருக்கிறது: 7ஆம் தேதி டி.டி.எஸ். (பிடித்த வரி), 11 ஜி.எஸ்.டி.ஆர்.1 (விற்பனை ரிட்டர்ன்), 15 பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20 ஜி.எஸ்.டி.ஆர். 3பி (மாத வரி ரிட்டர்ன்). இந்தத் தேதிகளை ஒட்டி வாரத்துக்கு இரண்டு நாள் வந்து, பில்களைச் சரிபார்த்து, டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றி, ஆடிட்டரிடம் ஒழுங்காகக் கொடுக்கும் ஆள் கிடைத்தால் அவர் விடவே மாட்டார். நான் போகும் இடமும் ஒரு ஆடிட்டர் ஆபீஸ் மூலமாக வந்ததுதான். உங்கள் பகுதியில் இருக்கும் சிறிய ஆடிட்டர்களிடம் நேரில் போய்ச் சொல்லி வையுங்கள். எந்த வாடிக்கையாளரிடம் கணக்கு தாறுமாறாகக் கிடக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். முலுண்டிலிருந்து காலையில் தானே பக்கம் போனால் கூட்டத்துக்கு எதிர்த்திசை, உட்காரவே இடம் கிடைக்கும். தெற்கு மும்பையில் சி.எஸ்.டி. ஸ்டேஷன் பக்கம் போகும் எட்டரை மணி வண்டியில் இனி நீங்கள் தொங்க வேண்டியதில்லை. மும்பையில் பகுதி நேர வேலைக்குச் சம்பளத்தை விட இது முக்கியம். மூன்று மணி நேர வேலைக்கு மூன்று மணி நேரப் பயணம் என்றால் அது பகுதி நேர வேலையே இல்லை.

இரண்டாவது இடம் உங்கள் கட்டடத்துக்குக் கீழேயே இருக்கிறது. ஹவுசிங் சொசைட்டி. கமிட்டியில் இருப்பவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். மெயின்டனன்ஸ் பில், வவுச்சர், ஆடிட், செப்டம்பர் 30க்குள் நடத்த வேண்டிய வருடப் பொதுக்கூட்டம் (ஏ.ஜி.எம்.), எதையும் பார்க்க ஆள் இல்லை. எனக்கு அப்படித்தான் வந்தது. மூன்றாம் மாடித் திருநெல்வேலிக்காரப் பெண் செக்ரெட்டரி ஆனதும் லிஃப்ட்டில் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், உங்களுக்கு டேலி தெரியுமே, கொஞ்சம் பாருங்களேன்." மீட்டர் ரூமுக்குப் பக்கத்து அறை, ஒரு இரும்பு பீரோ, கையெழுத்தில்லாத பிளம்பர் பில்கள் ஒரு கட்டு. முதல் வாரமே ஒரு சண்டை. வீட்டை வாடகைக்கு விட்டிருந்த ஒருவருக்கு நான்-ஆக்குபன்சி சார்ஜை மொத்த பில்லின்மேல் போட்டிருந்தார்கள். மகாராஷ்டிராவில் அது சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, மாநகராட்சி வரியை அதில் சேர்க்கவும் கூடாது. பழைய பில்களை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, வித்தியாசத்தை அடுத்த பில்லில் கழித்துக் கொடுத்தேன். ஒரு வருடமாகக் கட்டாமல் இருந்தவர் அன்று சாயங்காலமே செக் எழுதினார். அதற்குப் பிறகு பக்கத்து இரண்டு கட்டடங்கள் தாமாகவே கேட்டு வந்தன.

ஒரு கட்டடத்தில் கிடைக்கும் தொகை சிறியது. மூன்று நான்கு சேர்ந்தால்தான் வீட்டுச் செலவுக்கு உருப்படியாகத் தெரியும். ஆனால் வேலை உறுதியானது. இதில் இறங்க விரும்பினால், மாநிலக் கூட்டுறவுத் துறை வருடா வருடம் நடத்தும் ஜி.டி.சி. அண்ட் ஏ. (கூட்டுறவு, கணக்கியல்) டிப்ளமா, ஹவுசிங் நிர்வாகத்துக்கான சி.எச்.எம். சான்றிதழ் இரண்டையும் விசாரியுங்கள். படித்துப் பாஸ் செய்தவருக்குக் கமிட்டி கொடுக்கும் மரியாதையே தனி.

இன்ஷூரன்ஸ் ஏஜென்சி எடுங்கள் என்று இந்நேரம் உங்களுக்குப் போன் வந்திருக்கும். உங்களோடு வெளியே வந்த எல்லோர் கையிலும் மொத்தப் பணம் இருப்பது அவர்களுக்குத் தெரியும். நல்ல தொழில்தான், ஆனால் முதல் வருடத்தில் வேண்டாம். நண்பர்களின் வி.ஆர்.எஸ். பணத்தில் கமிஷன் பார்க்க வேண்டிய நிலை வந்தால் நட்பு நிற்காது. டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போடும் வேலை, பணம் கட்டி எடுக்கும் டேட்டா என்ட்ரி வேலை, இவை எல்லாம் மோசடி. வேலை கொடுப்பவர் உங்களிடம் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்களானால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

பேசும்போது சம்பளத்துக்கு முன் நாட்களைப் பேசி முடிவு செய்யுங்கள். எந்தெந்தக் கிழமை, எத்தனை மணி வரை, வராத நாளில் போனில் பதில் சொல்ல வேண்டுமா என்பதை எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் அரைச் சம்பளத்துக்கு முழு நேர ஆள் ஆகிவிடுவீர்கள். சம்பளமாக இல்லாமல் ஃபீஸாகக் கொடுத்தால் சில இடங்களில் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள். ரிட்டர்ன் போட்டு, கட்ட வேண்டிய வரி போக மீதியைத் திரும்ப வாங்கலாம். இத்தனை வருடம் கம்பெனியே ஃபார்ம் 16 கொடுத்துப் பழகியதால் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்று எழுதவில்லை. ஸ்டோர்ஸ் அல்லது பர்ச்சேஸ் என்றால் இதே பட்டறைகளில் வருடக் கடைசி ஸ்டாக் எடுப்பதற்கு ஆள் தேடுவார்கள், பிப்ரவரியிலேயே போய்ப் பாருங்கள். உற்பத்திப் பிரிவு என்றால் சொல்லுங்கள், வாக்ளே எஸ்டேட்டில் தெரிந்த ஒன்றிரண்டு பேரிடம் நானே கேட்டுப் பார்க்கிறேன்.