‘சி’ பிரிவு என்று கலங்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்: “பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்ணை ஸ்வீடனில் சி பிரிவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.” நம் ஊர்ப் பள்ளிகளில் சி செக்‌ஷன் என்றால் யாரைப் போடுவார்கள் என்று எனக்கும் தெரியும். அதனால் உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அங்கே கணக்கு வேறு.

மகள் போவது எஸ்எஃப்ஐ வகுப்பு. குடியேறி வந்த பெரியவர்களுக்காக அந்தந்த ஊர் நகராட்சி கட்டணமில்லாமல் நடத்தும் ஸ்வீடிஷ் மொழி வகுப்பு அது. ஏ, பி, சி, டி என்று நான்கு படிகள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர் ஏ-யில் தொடங்குவார். கல்லூரி வரை படித்தவர்களுக்குத் தனிப் பாதை. அது தொடங்குவதே சி-யில்தான், பாடமும் வேகமாக ஓடும். படித்த பெண் என்று பார்த்துத்தான் அங்கே சேர்த்திருக்கிறார்கள். (தேர்ச்சி மதிப்பீடும் ஏ முதல் எஃப் வரை எழுத்தில்தான் தருவார்கள். அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

சரி, டி முடித்ததும் நர்ஸ் வேலை கிடைத்துவிடுமா? கிடைக்காது. இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. டி படி என்பது ஐரோப்பிய மொழி அளவுகோலில் பி1 (இந்த அளவுகோலின் எழுத்துகள் வேறு, வகுப்புப் படிகளின் எழுத்துகள் வேறு). ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே படித்த செவிலியருக்கு உரிமம் தரும் சோசியால்ஸ்டீரெல்சன் என்ற அரசுத் துறை கேட்பது சி1, அதாவது பி2-வையும் தாண்டி இரண்டு படி மேலே. இடைவெளியைக் கடக்க, ‘கொம்வுக்ஸ்’ எனப்படும் முதியோர் கல்வியில் ‘இரண்டாம் மொழியாக ஸ்வீடிஷ்’ பாடத்தை அடிப்படை நிலையிலிருந்து மேல்நிலை வரை தொடர வேண்டும். அப்புறம் அறிவுத் தேர்வு, எழுத்தில் ஒன்று, செய்முறையில் ஒன்று. அதன் பிறகு அந்நாட்டுச் சுகாதாரச் சட்டங்கள் பற்றிய பாடம், மேற்பார்வையில் பணி. தேர்வு ஸ்வீடிஷில்தான். அதை நடத்துவது கோத்தன்பர்க் பல்கலைக்கழகம். உங்கள் மகள் இருக்கும் அதே ஊர். மூன்று ஆண்டு ஆகும் என்று மனதை ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள். முன்னதாக முடித்தால் லாபம்.

சென்னையில் பணம் கட்டி ஆன்லைனில் வேகமாகப் படிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். எஸ்எஃப்ஐ வாரத்துக்குச் சராசரியாகக் குறைந்தது 15 மணி நேரம் கிடைக்கும். சிரியாக்காரரும் எரித்ரியாக்காரரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நான் அதை வசதி என்பேன். இவர்கள் மூவருக்கும் பொதுவான மொழி ஸ்வீடிஷ் ஒன்றுதான், பேசித்தான் ஆக வேண்டும். வெளியே அந்தக் கட்டாயம் இல்லை. கடையில் ஒரு சொல் தடுமாறினால் போதும், ஸ்வீடன்காரர் உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். நூலகங்களில் மொழிக் கஃபே, அதாவது உட்கார்ந்து ஸ்வீடிஷ் பேசிப் பழகும் கூட்டம், நடத்துகிறார்கள். வாரம் ஒரு நாள் போய் உட்காரச் சொல்லுங்கள்.

காது விஷயத்தில் தமிழருக்கு ஒரு சலுகை உண்டு. ‘தாக்’ என்றால் கூரை, ‘தக்’ என்றால் நன்றி. குறில் நெடில் படித்த நமக்கு இது ஒரு பாடமே இல்லை. குழந்தையைக் குறிக்கும் சொல்லை அந்த ஊரில் ஏறக்குறைய ‘பாண்’ என்றுதான் சொல்வார்கள், நம் ணகரத்தோடு. (யாழ்ப்பாணத்தாருக்கு ரொட்டி நினைவுக்கு வரும்.) தடுக்கிவிடுவது வாக்கிய ஒழுங்குதான். வினை இரண்டாம் இடத்தில் நின்றாக வேண்டும்: “இன்று சாப்பிடுகிறேன் நான் சோறு.” வினையைக் கடைசியில் வைத்துப் பழகிய வாய்க்கு இது படிய மாதக்கணக்காகும்.

முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலைக்கு அழைப்பு வந்தால், “ஆயா வேலைக்கா அனுப்பினேன்?” என்று தயவுசெய்து போனில் கேட்டுவிடாதீர்கள். என்னிடம் வந்த இன்னொரு செவிலியர் வீட்டில் அப்படிக் கேட்டார்கள். அவர் அந்த வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் வீட்டிலேயே இருந்தார். கற்ற மொழியும் துருப்பிடித்தது. எண்பது வயதுப் பாட்டி ஊசி, மாத்திரை, தூக்கம், மலச்சிக்கல் பற்றி நாள் முழுக்கப் பேசுவார், அதுவும் வட்டார வழக்கில். ஒரு செவிலியருக்குத் தேவையான ஸ்வீடிஷ் அங்கேதான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ‘உன்டர்ஷோத்தர்ஸ்கா’ என்னும் துணைச் செவிலியர் பட்டம் 2023 ஜூலை முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது, சான்று இல்லாமல் அந்தப் பெயரில் வேலை செய்ய முடியாது. அதற்குக் கீழே உள்ள பராமரிப்பு உதவியாளர் வேலைக்கு அந்தத் தடை இல்லை.

இங்கே நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கல்லூரி மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், நர்சிங் கவுன்சில் பதிவு, மருத்துவமனை அனுபவச் சான்று, எல்லாவற்றையும் இப்போதே திரட்டுங்கள். கல்லூரி அலுவலகத்துக்கு நீங்கள் நேரில் போனால் ஒரு வாரம். மகள் அங்கிருந்து மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டால் எத்தனை மாதமோ. மகள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள், முக்கியமாக இனிஷியல். மூலச் சான்றுகளைத் தபாலில் அனுப்ப வேண்டாம். ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டு, மூலத்தை யாராவது நேரில் போகும்போது கையில் கொடுத்தனுப்புங்கள்.