கண்புரைக் கருவி எப்படி இயங்குகிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் அம்மாவுக்கு ஃபேக்கோ முறையில் கண்புரை எடுக்கப்போகிறார்கள். அது லேசர்தானே? (வாசகி, தாம்பரம்)

இல்லை அம்மா. அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் 1967-இல் கொண்டுவந்த இம்முறையில் புரையை உடைப்பது மீயொலி அதிர்வு. லேசர் துணையோடு செய்யும்போதுகூட, துண்டுகளை உறிஞ்சி வெளியேற்ற இந்தக் கருவிதான் வேண்டும். மருத்துவர் பேனாவைப்போல் பிடித்திருக்கும் கைக்கருவிக்குள் உள்ள பீசோ படிகங்கள், மின்னழுத்தம் மாறமாறச் சுருங்கி விரிந்து, டைட்டானிய ஊசியை நொடிக்கு ஏறத்தாழ 40,000 முறை முன்னும் பின்னும் அசைக்கின்றன. ஊசி கடினமான புரையில் முட்டும்போதும் சூடேறும்போதும் அதன் இயல்பான அதிர்வெண் சற்று நகரும். அந்த நகர்வைக் கட்டுப்பாட்டுச் சுற்று இடைவிடாமல் அளந்து, தான் அனுப்பும் மின்னலையை அதற்கேற்பத் திருத்திக்கொண்டே இருக்கும்.

புரைத்துண்டு உடைந்து உள்ளே போகும் அந்த நொடியில் கருவி என்ன செய்கிறது? (உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர், அம்பத்தூர்)

கேட்கவேண்டிய கேள்வி இதுதான். அதிர்வை உண்டாக்குவதைவிடக் கண்ணுக்குள் அழுத்தத்தைக் குலையாமல் காப்பதே இக்கருவிக்குக் கடினமான வேலை என்பது என் உறுதியான கருத்து. கண்ணின் முன்னறை கொள்ளும் நீர் ஏறத்தாழ கால் மில்லிலிட்டர்தான். ஊசியின் துளையைத் துண்டு அடைத்துக்கொண்டதும் பம்ப் தொடர்ந்து சுழல்வதால் குழாயில் வெற்றிடம் ஏறி, குழாயின் சுவரும் சற்று உள்வாங்குகிறது. அடைப்பு விலகியதும், சேர்ந்திருந்த அந்த இழுவிசை முழுவதும் முன்னறை நீரை ஒரே மூச்சில் இழுக்கப் பார்க்கும். அறை சரிந்தால் லென்ஸின் பின்னுறை மேலெழுந்து ஊசியில் பட்டுக் கிழியக்கூடும். ஆகவே அழுத்த உணரி வெற்றிடத்தைக் கண்காணித்து, மருத்துவர் வைத்த வரம்பை எட்டியதும் பம்பை நிறுத்துகிறது. குழாய்களை விறைப்பாகச் செய்வதும் இதற்காகவே.

அடுத்தமுறை அறுவை அரங்கில் கருவியைச் சோதிக்கும்போது, முனையில் மாட்டும் சிறிய ரப்பர் மூடியைக் கவனியுங்கள். உறிஞ்சு குழாயை மடித்துப் பிடித்துப் பிறகு விட்டால், மூடி சட்டென்று குழிந்து மீளும். கண்ணுக்குள் நிகழக்கூடாதது அந்தக் குழிவுதான்.

கால்மிதியில் ஏன் மூன்று நிலைகள்? (செவிலியர், எழும்பூர்)

முதல் நிலையில் நீர் மட்டும் பாயும். இரண்டாவதில் உறிஞ்சலும் சேரும். மூன்றாவதில்தான் அதிர்வு தொடங்கும். நீரோட்டம் ஊசியைக் குளிர்விப்பதால், அது இல்லாமல் அதிர்வு ஓடினால் கீறலின் விளிம்பு வெந்துவிடும். வரிசை அப்படி அமைந்திருப்பதற்கு அது முக்கியமான காரணம்.

புயல் நாளில் நடுவே மின்சாரம் போனால்? (வாசகர், வேளச்சேரி)

ஜெனரேட்டர் எழும்வரை யுபிஎஸ் தாங்கவேண்டும். உங்கள் மருத்துவமனையில் அது இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.

அறுவையின்போது ஒரு ஒலி ஏறி இறங்கியதைக் கேட்டுப் பயந்துவிட்டேன். (வாசகர், மயிலாப்பூர்)

ஐயா, மீயொலி நம் காதுக்கு எட்டாது. நீங்கள் கேட்டது, வெற்றிடம் ஏறும்போது சுருதியும் ஏறுமாறு கருவி வேண்டுமென்றே எழுப்பும் ஒலி; மருத்துவர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே அளவை அறிந்துகொள்கிறார்.