மறதி நோய் ஒரே வாரத்தில் வராது

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. சர்க்கரை, பிரஷர் உண்டு. மன்னார்குடி வீட்டில் தனியாக இருக்கிறார். சிங்கப்பூரில் இருந்தபடி கவனித்துக்கொள்ள வசதியாக பாத்ரூம் கதவு, ஹால், சமையலறை, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றிலும் சென்சார் வைத்து, கையில் ஒரு வாட்ச்சும் கட்டிவிட்டோம். ஐந்து நாளாக ரிப்போர்ட் சரியில்லை. இரவில் ஒருமுறை பாத்ரூம் போனவர் ஆறு முறை போகிறார். காலை ஐந்தரைக்கு சமையலறைக்கு வருபவர் எட்டு மணிக்கு வருகிறார். ஹாலிலிருந்து பாத்ரூம் வரை நடக்க ஆறு நொடி ஆனது, இப்போது பத்து. ஆழ்ந்த தூக்கம் 38 நிமிடம்தான், ஆக்சிஜன் சில நேரம் 92, நடை 1,900 காலடி. நெட்டில் பார்த்துவிட்டு, சிறுநீர்த் தொற்றாக இருக்கும் என்று நார்ஃப்ளாக்ஸசின் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். தூங்கட்டும் என்று அல்பிரசோலம் அரை மாத்திரை மூன்று இரவு. மூன்று வாரத்துக்கு முன் பிரஷர் மாத்திரையை மாற்றினார்கள். நேற்று போனில், 'அப்பா இன்னும் கடையிலிருந்து வரலையே' என்றார். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவருக்கு இருந்த மறதி நோய் அம்மாவுக்கும் வந்துவிட்டதா?

பதில்:

இந்த மடல் வந்த அன்றே உங்களுக்கு போன் செய்து, அம்மாவை உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். இங்கே எழுதுவது இதே நிலையில் இருக்கும் மற்ற மகன், மகள்களுக்காகவும்.

நீங்கள் அனுப்பிய பட்டியலில் பதினோரு வரி சென்சார் கணக்கு, ஒரு வரி அம்மாவின் பேச்சு. நான் முதலில் பார்த்தது அந்த ஒரு வரியைத்தான். போன வாரம் வரை தெளிவாக இருந்தவர், இந்த வாரம் இறந்துபோன கணவரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார். மறதி நோய் இப்படி நாள் குறித்து வருவதில்லை. அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஊறி வருவது. நாலைந்து நாளில் வரும் குழப்பத்துக்கு 'டெலிரியம்' என்று பெயர். உடம்பில் எங்கோ ஏற்பட்ட கோளாறை மூளை இப்படிச் சொல்லிக் காட்டுகிறது. காரணத்தைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'வயசாயிடுச்சு' என்று விட்டால் உயிருக்கே ஆபத்து.

போனில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. மறதி நோயின் தொடக்கத்தில் இருப்பவர் பெரும்பாலும் இதைச் சொல்லிவிடுவார். டெலிரியத்தில் இருப்பவர் 'சனி, வெள்ளி...' என்று தொடங்கி, 'பால்காரன் வந்தானா?' என்பார். கவனம் நிற்காது. காலையில் தெளிவு, மாலையில் உளறல் என்று மாறி மாறி இருக்கும். மாலையில் ஒருமுறையும் கேட்டுப் பாருங்கள்.

காரணம் என்ன? பலருக்கும் உடனே தோன்றுவது சிறுநீர்த் தொற்று. இருக்கலாம், முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல்கூட வரும். ஆனால் எனக்கு அதைவிடச் சந்தேகம் அந்தப் புது பிரஷர் மாத்திரைமேல். அட்டையைப் பாருங்கள். மருந்தின் பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்றோ 'சி.டி.' என்றோ ஒட்டியிருந்தால், அதோடு சிறுநீரைப் பிரிக்கும் மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். நல்ல மருந்துதான், நானே நிறையப் பேருக்கு எழுதுகிறேன். ஆனால் வயதான பெண்களில் சிலருக்கு முதல் சில வாரங்களிலேயே ரத்தத்தில் சோடியத்தை, அதாவது உப்புச் சத்தை, இறக்கிவிடும். சோடியம் இறங்கினால் தள்ளாட்டம், சோர்வு, குழப்பம் எல்லாம் வரும். உடனே யூடியூப் பார்த்து உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். சோடியத்தை அவசரமாக ஏற்றினாலும் மூளை கெடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் ஏற்றலாம் என்று கணக்கு இருக்கிறது, அது மருத்துவமனையில் செய்ய வேண்டிய வேலை.

இந்த நிலையில் உங்கள் வீட்டு வைத்தியம் செய்த உதவியைச் சொல்கிறேன். நார்ஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் முதியவர்களுக்குத் தாங்களே குழப்பத்தை உண்டாக்கக்கூடியவை. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுபவர் என்றால், சர்க்கரை அளவு திடீரென்று தாழவும் வாய்ப்புண்டு. போதாததற்கு, கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, சிறுநீர் எடுப்பதற்கு முன்பே மருந்து கொடுத்துவிட்டதால், இனி அந்தக் கல்ச்சரில் எதுவும் முளைக்காமல் போகலாம். அல்பிரசோலம் அதற்கு மேல். குழம்பியிருக்கும் மூளைக்குத் தூக்க மாத்திரை, இரவில் ஆறு முறை எழுந்து இருட்டில் நடக்கும் கால்களுக்கும் அதே மாத்திரை. இடுப்பு எலும்பு முறிந்து வரும் பாட்டிகளிடம் நான் முதலில் கேட்பதே, ராத்திரி என்ன மாத்திரை என்றுதான். சீட்டு இல்லாமல் இதைக் கொடுத்த கடைக்காரரிடம் எனக்கு வேறு பேச்சு இருக்கிறது.

செய்ய வேண்டியது: க்ளூக்கோமீட்டரில் சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், குளுக்கோஸோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். மயங்கி மயங்கி விழுகிறார் என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். பெயர் சொன்னால் போதாது. சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின், ரத்த எண்ணிக்கை, சிறுநீர், ஈசிஜி பார்ப்பார்கள். சமீபத்தில் எங்காவது விழுந்தாரா, மலம் எத்தனை நாளாகப் போகவில்லை என்பதை நீங்களே சொல்லுங்கள், கேட்காமல் போகலாம். மலச்சிக்கலில் சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவதும் உண்டு.

மற்றதெல்லாம் விடுங்கள். ஆழ்ந்த தூக்கத்தை வாட்ச் அளப்பதில்லை, ஊகிக்கிறது. அது வயதோடு குறையவும் செய்யும். ஆக்சிஜன் 92 என்பது பட்டை தளர்ந்தாலே காட்டும். மூச்சு வாங்கினால் அது வேறு கதை. 1,900 காலடி போதாது, பத்தாயிரம் வேண்டும் என்பீர்கள். அந்தப் பத்தாயிரம் 1965-ல் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி விற்றவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்தது.

அதற்காக சென்சார் வீண் என்று சொல்லவில்லை. முதியவர் ஒருவர் தன் காலில் நிற்கிறாரா என்பதற்கு 1963-ல் சிட்னி கட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு வகுத்த ஆறு கேள்விகளைத்தான் நாங்கள் இன்றும் கேட்கிறோம்: குளியல், உடை, கழிப்பறை, படுக்கையிலிருந்து எழுவது, மலஜலம் அடக்குவது, சாப்பாடு. சமையல், மாத்திரை, பணம், போன் எல்லாம் 1969-ல் லாட்டன், பிராடி என்ற இரு ஆய்வாளர்கள் சேர்த்தவை. இதை க்ளினிக்கில் கேட்டால் எல்லோரும் 'எல்லாம் நானே பண்ணிக்கிறேன் சார்' என்பார்கள். கதவு சென்சாருக்கு அந்த கௌரவம் கிடையாது. அமெரிக்காவில் ஓரிகன், மிசோரி பல்கலைக்கழகங்களில் முதியவர்களின் வீடுகளில் இப்படிச் சென்சார் வைத்து நடை வேகத்தையும் இரவு நடமாட்டத்தையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறார்கள். ஜப்பானில் 2001-லேயே, பாட்டி வெந்நீர் எடுத்தாரா என்று பிள்ளைக்குச் சொல்லும் மின்கெண்டி விற்பனைக்கு வந்துவிட்டது. டீ போடும் நேரம் தப்பினால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். கருவி இல்லாத காலத்தில் எதிர்வீட்டு மாமிக்கே அது தெரிந்திருந்தது.

உங்கள் சென்சாரும் சரியாகத்தான் சொன்னது: ஆறு நொடி பத்தானது, ஐந்தரை எட்டானது. ஊர் உலகத்துக்கு எது சராசரி என்று தேடாமல், போன மாத அம்மாவோடு இந்த வார அம்மாவை ஒப்பிடுங்கள். சில நாளில் மாறினால் அன்றே மருத்துவமனை. ஆறு மாதமாக மெல்ல மெல்லத் தேய்ந்தால் அப்போது மறதி நோய்ப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள். எச்சரிக்கைகளில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்துவிடுங்கள்: காலை சமையலறைக்கு வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் தாமதம், பாத்ரூமுக்குப் போய் அரை மணி ஆகியும் வெளியே வரவில்லை. ஹால் சென்சார் சூடான உடம்பின் அசைவைத்தான் பார்க்கிறது. வேலைக்கார அம்மாவும் அதற்கு உங்கள் அம்மாதான், பூனையும் அப்படியே.

பாத்ரூமில் கேமரா வைக்கலாமா என்று போனில் கேட்டீர்கள். கூடாது. என்னிடம் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மகன் மாட்டிவிட்டுப் போன சென்சாரின்மேல் துண்டைப் போட்டு வைத்திருந்தார். 'ஒண்ணுக்குப் போறதைக்கூட அவன் எண்ணணுமா டாக்டர்?' என்றார். என்னிடம் பதில் இல்லை. அம்மா தெளிந்ததும், எதை வைக்கலாம், எதைக் கழற்றலாம் என்று அவரிடமே கேளுங்கள்.

இன்னொன்று. ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் போன் அலறினால் மன்னார்குடியில் யார் போய்ப் பார்ப்பது? எதிர்வீட்டில் சாவி கொடுத்திருக்கிறேன் என்றீர்கள். அம்மா படுக்கும்போது உள்தாழ்ப்பாள் போடுகிறாரே, அதற்குச் சாவி எந்தப் பக்கம்? வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டாக மாற்ற, நாளைக்கே ஆசாரியை வரச் சொல்லுங்கள்.