மாமா விட்டுப்போன ஆர்எக்ஸ்: டூ ஸ்ட்ரோக் கேள்வி பதில்

என் மாமா 90-களில் மண் ரேஸுக்காக மாற்றி ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 எங்கள் வீட்டில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியது. அதன்பிறகு யாரும் தொடவில்லை. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறது. எக்ஸ்பான்ஷன் சேம்பரும் (ரேஸ் சைலன்சர்) பெரிய கார்புரேட்டரும் வாங்கிவிட்டேன். எதை முதலில் மாட்டுவது?
– கல்லூரி மாணவர், வேளச்சேரி

இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வையுங்கள் தம்பி. இப்போதைக்கு அவற்றுக்கு வேலை இல்லை.

முதலில், கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசல் விட்டு நான்கைந்து நாள் ஊற விடுங்கள். அப்புறம் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். பிஸ்டன் விட்டுக்கொடுத்தால் சந்தோஷம். ஆனால் விட்டுக்கொடுத்தது என்பதற்காக உடனே ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது. வெள்ளத்தண்ணீர் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸுக்குள் போயிருக்கும், பேரிங் எல்லாம் துரு பிடித்திருக்கும். அந்தத் துருத்தூள் ஒரே ஓட்டத்தில் புது பிஸ்டனையும் தின்றுவிடும். எஞ்சினை முழுதாகப் பிரித்தே ஆக வேண்டும்.

கிராங்க்கை (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) கனெக்டிங் ராடு கிட் மாற்றக் கொடுக்கும்போது, புதுப்பேட்டையில் எந்தப் பட்டறையாக இருந்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, டயல் கேஜ் இருக்கா?" தண்டின் நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி அது. கண்ணால் பார்த்துச் சுத்தியலால் தட்டி நேராக்குகிறவர் என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நான் 0.03 மி.மீ.-க்கு மேல் ஆட்டம் இருந்தால் வாங்க மாட்டேன். சிலிண்டர் பிளாக்கைப் பொறுத்தவரை ஆர்எக்ஸில் இருப்பது இரும்பு லைனர், ஆகவே ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டு போர் செய்யலாம், அதாவது உள்ளே கடைந்து பெரிதாக்கலாம். பிஸ்டனை முதலில் வாங்கி, அதையே லேத்காரர் கையில் கொடுத்து அதற்கேற்ப போர் செய்யச் சொல்லுங்கள். 1996-லேயே உற்பத்தி நின்றுபோன வண்டி என்பதால் சந்தையில் டூப்ளிகேட் அதிகம். டப்பாவில் பெயர் சரியாக இருக்கும், உள்ளே இருப்பதுதான் சந்தேகம். போர் முடிந்து பிளாக் கைக்கு வந்ததும் விரலை உள்ளே விட்டு போர்ட்டுகளின் (கலவையும் புகையும் போய்வரும் துளைகள்) ஓரத்தைத் தடவிப் பாருங்கள். பிளேடு மாதிரி கூராக இருந்தால் லேசாக மழுக்கித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி ஒடியும்.

இனிதான் முக்கியமான விஷயம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு பம்ப். பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுத்து மேலே தள்ளுவது அதுதான். அதன் இரு பக்கமும் இருக்கும் ஆயில் சீல் போனால் எல்லாம் போச்சு. மேக்னட் பக்கத்துச் சீல் கசிந்தால் வெறும் காற்று உள்ளே நுழையும். கலவை மெலிந்து, சூடேறி, நல்ல வேகத்தில் போகும்போது பிஸ்டன் ஜாம் ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சிப் புகையாகத் தள்ளும். கியர் ஆயில் குறைகிறது, வெளியில் ஒரு சொட்டுக்கூடக் காணோம் என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். ஆகவே எஞ்சினைக் கட்டியதும் கார்புரேட்டர் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பரால் அடைத்து, கைப்பம்ப்பும் முள் மீட்டரும் உள்ள பழைய பிபி கருவியால் காற்று ஏற்றுங்கள். மீட்டர் 250 காட்டட்டும். ஆறு நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி, எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. ஏனோ பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்தில் மண் ரேஸுக்கு வண்டி கட்டியவர்களில் பலர், எஞ்சினுக்கு மசகு எண்ணெய் ஊட்டும் 2டி ஆயில் பம்ப்பையே கழற்றிவிடுவார்கள். உங்கள் மாமாவும் அப்படிச் செய்திருந்தால் ஆயில் டேங்க் வெறும் அலங்காரம்தான். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்தாக வேண்டும். ரன்-இன் (புது எஞ்சினை மெதுவாக ஓட்டிப் பழக்கும் காலம்) முடியும்வரை லிட்டருக்கு 40 மி.லி., அப்புறம் 30 போதும்.

எக்ஸ்பான்ஷன் சேம்பர் போட்டால் பவர் கூடும் என்கிறார்களே, நடுவில் வயிறு பெருத்த ஒரு குழாய் எப்படிப் பவர் கொடுக்கும்?
– வாசகி, பெரம்பூர்

நல்ல கேள்வி அம்மா. எக்ஸாஸ்ட் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அது உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்கிறது. குறுகும் இடத்தில் மோதித் திரும்பும் அலையோ, வெளியே தப்பிய புதுக் கலவையை போர்ட் மூடுவதற்குள் உள்ளே தள்ளிவிடுகிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் இதைக் கரைகண்டார். 1961-ல் ஸ்வீடனில் ரேஸ் ஓட்டப் போன எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டே தப்பினார். தொழில் ரகசியம் அவரோடு சுசூகிக்குப் போனது. அடுத்த வருடமே சுசூகிக்கு 50 சிசி உலக சாம்பியன் பட்டம், ஓட்டியவரும் அதே டெக்னர்தான்!

ஆனால் அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்புவது குறிப்பிட்ட ஆர்பிஎம்-மில் மட்டுமே. ரேஸ் சேம்பர்களில் பல, எஞ்சின் உச்சத்தில் அலறும்போதுதான் உதவும். மணலிலும் சேற்றிலும் தேவைப்படுவது கீழ் வேகத்து இழுவை. அதற்கு ஸ்டாண்டர்ட் சைலன்சரே மேல். பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு மூன்று பல் கூட்டிப் பாருங்கள், வித்தியாசம் முதல் மேட்டிலேயே தெரியும்.

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு ஆகுமா?
– வாசகர், அம்பத்தூர்

ஓட்டலாம், கொஞ்சம் கவனம் வேண்டும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாகப் போட்டு பிளக் நிறத்தைப் பாருங்கள், காபிக்கொட்டை நிறம் என்றால் சரி. சீல் வாங்கும்போது எத்தனாலைத் தாங்கும் வைட்டான் ரப்பர் ரகம் கேளுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றிலோ ஈரத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் வாரக்கணக்கில் நிறுத்துவதென்றால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள். சிலர் டேங்க்கின் பெட்ரோல் காக் திருகை மூடிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுவார்கள். ஆயில் கலந்து ஓட்டும் வண்டியில் அது வேண்டாம், பெட்ரோல் தீரும்போது ஆயிலும் தீர்ந்துபோகும். கார்புரேட்டரின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி வடித்துவிடுங்கள்.

மண் ரேஸுக்காக மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டலாமா? ஆர்சி, இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது.
– வாசகர், ராயபுரம்

மாற்றிய கோலத்தில் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்சி-யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டுமானால் பட்டன் டயரையும் ரேஸ் சைலன்சரையும் இறக்கிவிட்டு, லைட், ஹாரன், கண்ணாடி, மட்கார்டு எல்லாம் மாட்டுங்கள். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் படிவம் 25 கொடுத்துப் பதிவையும் புதுப்பிக்க வேண்டும், அது ஐந்து வருடத்துக்குச் செல்லும். பெயின்ட் அடிக்கும் ஆளிடம் சேஸிஸ் நம்பர் மேல் பட்டி பூசாதே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆர்டிஓ ஆய்வில் அது படிக்கிற மாதிரி இல்லையென்றால் வண்டி அங்கேயே நின்றுவிடும்.