பாக்கெட் விலையைப் பார்க்காதீர்கள், பவுடர் விலையைப் பாருங்கள்

கேள்வி: நான்கு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். தினமும் 35 லிட்டர் வரை தனியார் பால் நிறுவனத்துக்கு ஊற்றுகிறேன். கோடையில் கடையில் பாக்கெட் பால் லிட்டருக்கு 2 ரூபாய் ஏறியது. எனக்கு எதுவும் ஏறவில்லை. மழை முடிந்து வரத்து கூடியதும் எனக்கு 3 ரூபாய் குறைத்துவிட்டார்கள். கடையில் ஒரு பைசா குறையவில்லை. சொசைட்டிக்கே மாறிவிடலாமா? (அந்தியூர் வாசகர்)

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. கடை விலையோடு உங்கள் விலையை ஒப்பிடுவதில்தான் கணக்கு தப்புகிறது. தனியார் கொள்முதல் விலையை பாக்கெட் விலையைவிட அதிகமாக ஆட்டிவைப்பது பால் பவுடரும் வெண்ணெயும்தான்.

ஒரு நிறுவனம் தினமும் விற்கிற பாக்கெட் பாலின் அளவு பெரிதாக மாறாது. வரத்து கூடும் மாதங்களில் மிஞ்சுகிற பாலில் வெண்ணெய் எடுத்துவிட்டு, மீதியைப் பவுடராக்கிக் கிடங்கில் அடுக்குவார்கள். அப்படி மிஞ்சும் கடைசி லிட்டருக்கு என்ன தேறுமோ, அதை மனதில் வைத்துத்தான் எல்லா லிட்டருக்கும் விலை போடுகிறார்கள்.

4% கொழுப்பு, 8.5% எஸ்.என்.எப். (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்) உள்ள ஒரு லிட்டர் பசும்பாலில் சுமார் 41 கிராம் கொழுப்பு இருக்கும். பவுடர் ஏறக்குறைய 90 கிராம் தேறும். பவுடர் விலை கிலோவுக்கு 50 ரூபாய் சரிந்தால் உங்கள் லிட்டரின் மதிப்பில் 4.50 ரூபாய் போய்விடுகிறது. நெய்யும் 50 ரூபாய் சரிந்தால் இன்னொரு 2 ரூபாய். கடையில் பாக்கெட் அசையாமல் இருக்கும்போதே உங்கள் பட்டுவாடா குறைவது பெரும்பாலும் இந்த வழியில்தான். 2020 ஊரடங்கில் டீக்கடையும் ஓட்டலும் மூடியபோது இதைத்தான் கண்டோம். வீட்டுக்கு வாங்குபவர் அதே விலை கொடுத்தார். வாங்க ஆளில்லாத பால் பவுடராகப் போனது. கொள்முதல் விலை விழுந்தது.

சரி, பவுடர் விலை ஏறும்போதாவது உங்களுக்கு ஏற வேண்டும் அல்லவா? ஏறும், ஆனால் தாமதமாக. கறந்த பாலை நாளைக்கு என்று வைத்திருக்க உங்களால் முடியாது. பவுடரை மாதக்கணக்கில் வைத்திருக்க நிறுவனத்தால் முடியும். ஊரில் வாங்க வருவது ஒன்றோ இரண்டோ வண்டிதான் என்றால் விலையை ஏற்ற அவர்களுக்கு அவசரம் எதற்கு? போதாததற்கு, டீசல், குளிரூட்டல், பாக்கெட், முகவர் கமிஷன் எல்லாம் லிட்டருக்கு இவ்வளவு என்று நிற்கிற செலவுகள். 50 ரூபாய் பாலில் இடைச்செலவு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை விலை 3 ரூபாய் குறைந்தால் அது 6 சதவீதம். அதே 3 ரூபாய் உங்கள் 35இல் கழிந்தால் எட்டரை சதவீதத்துக்கும் மேல்.

சொசைட்டிப் பால் போய்ச் சேரும் ஆவின் வேறு மாதிரி. அங்கே விலையை அரசு தீர்மானிக்கிறது; அதனால் படிப்படியாக, நீண்ட இடைவெளி விட்டு மாறும். 2019 ஆகஸ்டில் பசும்பால் கொள்முதலுக்கு 4 ரூபாய் கூட்டி 32 ஆக்கியபோது, விற்பனை விலை 6 ரூபாய் ஏறியது. 2021 மே மாதம் விற்பனை விலையில் 3 ரூபாய் குறைத்தார்கள். கொள்முதல் விலையில் கை வைக்கவில்லை. அந்தச் சுமையைக் கூட்டுறவு அமைப்புதான் தாங்கியது. 2022 நவம்பரில் கொள்முதல் விலை 35 ஆனது. அதற்கு ஈடாக ஏறியது கொழுப்பு அதிகமுள்ள ஆரஞ்சு பாக்கெட் மட்டும்: ஆவின் மாதாந்திர அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48இலிருந்து 60. நீலமும் பச்சையும் அப்படியே நின்றன. 2023 டிசம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது.

விலையைத் தொடாமலே விலையேற்றம் நடப்பதும் உண்டு. 2023 இறுதியில் 4.5% கொழுப்புள்ள பச்சை பாக்கெட்டின் இடத்துக்கு 3.5% ஊதா பாக்கெட் வந்தது; அரை லிட்டர் அதே 22 ரூபாய். ஒரு சதவீதக் கொழுப்பு என்றால் லிட்டருக்கு சுமார் 10 கிராம். நெய் கிலோ 600 ரூபாய் என்றாலும் அது 6 ரூபாய் மதிப்பு. வாங்குபவர் இதைக் கவனித்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

இனி உங்கள் முடிவுக்கு வருவோம். கோடையில் சொசைட்டியைவிடத் தனியார் கூடுதலாகக் கொடுப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரத்து மாதங்களில் குறைப்பதை மட்டும் பார்த்தும் வேண்டாம். பன்னிரண்டு மாதமும் கையில் வந்த தொகையைக் கூட்டி, ஊற்றிய லிட்டரால் வகுங்கள். சொசைட்டிப் பக்கம் ஊக்கத்தொகை, போனஸ் இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் எத்தனை நாள் தாமதமாக வருகிறது என்பதும் கணக்குதான். தீவனக் கடையில் கடன் நிற்கிறது அல்லவா? பத்து லிட்டர் கறக்கும் மாடு நாளுக்கு ஐந்தரை கிலோ கலப்புத் தீவனம் தின்கிறது என்றால், தீவனம் கிலோவுக்கு 1 ரூபாய் ஏறினாலே லிட்டருக்கு 55 காசு உங்கள் கையை விட்டுப் போகிறது. அதை யாரும் உங்களுக்குத் திருப்பித் தருவதில்லை.

என் யோசனை, இரண்டு மாட்டுப் பாலையாவது ஆண்டு முழுக்க சொசைட்டிக்கு ஊற்றி உறுப்பினராக நிலைத்திருங்கள். வரத்து மாதங்களில் மட்டும் ஓடிவந்து நிற்பவர்களுக்கு அங்கே மரியாதை இருக்காது. ஊரில் சொசைட்டி உயிரோடு இருந்தால்தான் தனியார் வண்டியும் உங்கள் விலையை ஓர் அளவுக்கு மேல் இறக்கத் தயங்கும்.

அடுத்த பட்டுவாடாவிலிருந்து சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கொழுப்பு, எஸ்.என்.எப்., விலை மூன்றையும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். அறிவிக்கும் விலை ஒரு குறிப்பிட்ட தரத்துக்கு மட்டுமே. ரேட் சார்ட் (கொழுப்பு, எஸ்.என்.எப். அளவுக்கேற்ற விலைப் பட்டியல்) மாறாமல், தீவனமும் மாறாமல், நான்கு மாட்டுக்கும் ஒரே வாரத்தில் எஸ்.என்.எப். இறங்கியிருந்தால், அதே வேளைப் பாலில் ஒரு மாதிரியை எடுத்துப்போய் சொசைட்டியில் சோதித்துப் பாருங்கள். அந்த எண்ணோடு போய்ப் பேசினால்தான் முகவரிடம் உங்கள் பேச்சு எடுபடும்.