தலைப்பில் எழுத்துகள் சீராகத் தெரியவில்லை. கெர்னிங், டிராக்கிங் இரண்டில் எதைச் சரிசெய்வது?

"பட்டம்" என்ற சொல்லைப் பெரிய அளவில் போட்டிருக்கிறேன், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சமமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஒழுங்காகத் தெரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

ப, ட் இரண்டும் நேர்க்கோட்டு எழுத்துகள். ப-வின் வலது கோடும் ட்-டின் இடது கோடும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பதால் அந்த இடம் இறுக்கமாகத் தெரியும். ட-வுக்கு வலப்பக்கம் அடிக்கோடு மட்டும்தான், மேலே வெற்றிடம். முதல் ட்-டில் புள்ளி அந்த வெற்றிடத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடுகிறது. இரண்டாவது ட-வுக்கு அதுவும் கிடையாது. அதனால் ட-வுக்கும் ம்-முக்கும் நடுவே பள்ளம் விழுந்ததுபோல் இருக்கும். அளந்தால் மூன்று இடைவெளியும் ஒன்று, பார்த்தால் மூன்றும் வேறு. கண் பார்ப்பது இரண்டு எழுத்துக்கு நடுவில் அடைபட்டிருக்கும் வெள்ளைப் பரப்பை. அந்தப் பரப்பைச் சமமாக்குவதுதான் வேலை.

இனி பெயர்கள். ஒரு சொல்லிலோ வரியிலோ எல்லா இடைவெளியையும் ஒரே அளவில் கூட்டுவது, குறைப்பது டிராக்கிங். குறிப்பிட்ட இரண்டு எழுத்துக்கு நடுவே மட்டும் சரிசெய்வது கெர்னிங். ஈய அச்சுக் காலத்திலிருந்து வரும் சொல் இது. அப்போது ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டை. பக்கத்து எழுத்தோடு நெருங்கி நிற்பதற்காகக் கட்டையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்குத்தான் 'கெர்ன்' என்று பெயர். அந்த நீட்டல் எளிதில் உடைந்துவிடும்.

முதலில் டிராக்கிங், பிறகு கெர்னிங். மாற்றிச் செய்தால் ஜோடி ஜோடியாகப் பார்த்துச் செய்ததெல்லாம் மறுபடி பார்க்க வேண்டியதாகிவிடும். அதற்கும் முன்னால் ஃபான்ட், அளவு இரண்டையும் முடிவு செய்துவிடுங்கள். சின்ன அளவில் போதுமானதாகத் தெரியும் இடைவெளி, பெரிதாக்கினால் தளர்ந்து தெரியும்.

நல்ல ஃபான்டுக்குள் எந்த ஜோடிக்கு எவ்வளவு கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும் என்ற பட்டியல் இருக்கும். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் கெர்னிங்கை 'மெட்ரிக்ஸ்' என்று வைத்தால் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். 'ஆப்டிகல்' என்றால் மென்பொருளே எழுத்தின் வடிவத்தைப் பார்த்துக் கணக்குப் போடும். சில தமிழ் ஃபான்ட்களில் அந்தப் பட்டியலே இருக்காது, அங்கே ஆப்டிகலைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டில் எது வைத்தாலும் தலைப்பைக் கையால் ஒருமுறை சரிபார்க்காமல் விடாதீர்கள். இரண்டு எழுத்துக்கு நடுவே கர்சரை வைத்து ஆல்ட் விசையோடு இடது, வலது அம்புக்குறியை அழுத்தினால் போதும். வழக்கமான அமைப்பில் ஒரு அழுத்தலுக்கு 20 நகரும். அந்த 20 என்பது எழுத்தளவில் ஆயிரத்தில் 20 பங்கு. 50 பாயின்ட் எழுத்தில் 1 பாயின்ட்.

எவ்வளவு நகர்த்துவது? நேர்க்கோடும் நேர்க்கோடும் சேரும் இடத்தில் அதிக இடைவெளி, நேர்க்கோடும் வளைவும் சேர்ந்தால் அதைவிடக் குறைவு, இரண்டும் வளைவு என்றால் இன்னும் குறைவு. நான் மூன்று எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை மறைத்துப் பார்ப்பேன். நடு எழுத்து எந்தப் பக்கமாவது சாய்ந்து நிற்பதுபோல் தெரிந்தால் அங்கே வேலை இருக்கிறது. பிறகு சொல்லையே தலைகீழாகத் திருப்புவேன். நேராக இருந்தால் மனம் படிக்கப் போய்விடும், தலைகீழாக இருந்தால் கறுப்பும் வெள்ளையும் மட்டும் கண்ணில் படும். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாமல், அச்சாகப்போகும் அளவிலேயே ஒரு தாளில் எடுத்துப் பாருங்கள்.

தமிழில் டிராக்கிங் செய்யும்போது இன்னொரு ஆபத்து உண்டு, நான் அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு புத்தக அட்டைக்கு "தொடக்கம்" என்ற தலைப்பு. யூனிகோடு அல்லாத பழைய ஃபான்ட். அதில் கொம்பு, த, கால் மூன்றும் தனித்தனி எழுத்தாக இருக்கும். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று டிராக்கிங்கை 100 கூட்டினேன். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்துபோனது. விலகி நின்ற கால் அப்படியே ர-வாகத் தெரிந்தது. அட்டையைக் கையில் வாங்கியவர் "தெரடக்கமா?" என்று கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. தமிழில் "தொ" முழுவதும் ஒரே எழுத்து. அதற்குள் இடைவெளி புகக் கூடாது, அதற்கு முன்னும் பின்னும்தான். யூனிகோடு ஃபான்டும், இன்டிசைன் என்றால் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்பும் பயன்படுத்துங்கள். கௌ, கெள போன்ற இடங்களையும் தனியாகப் பாருங்கள். அங்கே இடைவெளி கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் வாசிப்பே மாறிவிடும்.

உள்ளே ஓடும் பத்திகளில் கெர்னிங்கைத் தொடவே வேண்டாம். அங்கே சிக்கல் பெரும்பாலும் இருபுறமும் வரியைச் சமன் செய்வதால் வருவது. தமிழில் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான் வரும். அந்த இடத்தை நிரப்ப எழுத்துகளை இழுத்துப் பிரிக்க மென்பொருளுக்கு இடம் கொடுக்காதீர்கள். வரியைச் சமன் செய்யும் ஜஸ்டிஃபிகேஷன் அமைப்பில் லெட்டர் ஸ்பேசிங்குக்கு உள்ள மூன்று எண்களும் (குறைந்தது, விரும்புவது, அதிகம்) 0, 0, 0 என்றே இருக்கட்டும். அப்படியும் சரிவராவிட்டால் வலது ஓரத்தைச் சமன் செய்யாமல் விடுவதே நல்லது.

உங்கள் "பட்டம்" சொல்லுக்கு நானாக இருந்தால் ப, ட் நடுவே 10 கூட்டுவேன், இரண்டு ட-வுக்கு நடுவே தொட மாட்டேன், ட-வுக்கும் ம்-முக்கும் நடுவே 30 குறைத்துப் பார்ப்பேன். ஃபான்டைப் பொறுத்து எண்கள் மாறும். ட-வின் அடிக்கோடு ம்-மின் இடது கோட்டில் போய் ஒட்டிக்கொள்வதுபோல் தெரிந்தால் 10 திரும்பக் கொடுங்கள்.