லிஸவேதாவின் இடது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலைப் படித்து முடித்தேன். ஒன்று உறுத்துகிறது. அடகுக்கடை நடத்தும் அக்காவின் பிணத்தையும் கோடரியோடு நிற்கும் ரஸ்கோல்னிகோவையும் கண்ணெதிரே பார்த்த லிஸவேதா கத்தவே இல்லை. முகத்தை மறைக்கக் கையைக்கூடத் தூக்கவில்லை. கொலை சுலபமாக முடிவதற்காகச் செய்த செயற்கையான ஏற்பாடாகத் தோன்றுகிறது. பெண்கள் என்றால் தஸ்தயேவ்ஸ்கிக்கு வெறும் பலிதானா? ரஷ்யப் பெயர்கள் வேறு குழப்புகின்றன.

க.

அன்புள்ள க.,

பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பலிதானா என்ற கேள்விக்கு ரஸ்கோல்னிகோவின் தங்கை துன்யா போதும். தன்னை அடையத் துரத்தும் ஸ்விட்ரிகைலோவை நேருக்கு நேர் நின்று சுடுகிறாள், குண்டு அவன் தலையை உரசிப் போகிறது.

லிஸவேதாவுக்காக உங்களுக்குப் பொறுக்கவில்லை, அது நல்ல விஷயம். படிப்பவர்களில் பாதிப்பேர் அவளை மறந்துவிட்டு ரஸ்கோல்னிகோவின் தத்துவத்தைப் பேசப் போய்விடுகிறார்கள். அவளைப் பற்றி ஏன் நினைப்பதே இல்லை, கொல்லாததுபோல இருக்கிறேனே என்று அவனே ஓரிடத்தில் ஆச்சரியப்படுகிறான்.

ஆனால் ‘செயற்கை’ என்று எப்படிச் சொன்னீர்கள்? அடுத்து என்ன என்ற அவசரத்தில் கைகளைப் பார்க்காமல் ஓடியிருக்கிறீர்கள். அவன் கொண்டுபோகும் போலி அடகுப்பொருள் ஒரு மரத்துண்டு, கனத்துக்காக ஓர் இரும்புத் தகடு, சீக்கிரம் அவிழாதபடி முடிச்சிட்ட நூல். அடகுக்கடைக் கிழவி வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் திரும்பி முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டும், அதற்குத்தான் அத்தனையும். அந்த நேரத்தில் கோட்டுக்குள் தைத்த வளையத்திலிருந்து கோடரி வெளியே வருகிறது. அடி விழுவது அதன் மழுங்கிய பின்பக்கத்தால். கிழவி ஈனமாகக் கத்துகிறாள், கைகள் தலைக்குப் போகின்றன, ஒரு கையில் அந்தப் பொட்டலம் அப்படியே இருக்கிறது. தாக்கப்பட்டவர் என்ன செய்வார் என்று எழுதியவருக்குத் தெரியாமலா?

லிஸவேதாவுக்கு 35 வயது, நல்ல உயரம். குள்ளமான அக்கா அவளைப் போட்டு அடிப்பாள் என்று முந்தைய அத்தியாயத்திலேயே மதுக்கடையில் ஒரு மாணவன் சொல்கிறான். வெறும் வம்பு என்று தாண்டியிருப்பீர்கள். காலமெல்லாம் அடிவாங்கியவளுக்கு, வரும் அடியைத் தடுக்கலாம் என்பதே தோன்றவில்லை. பயந்த குழந்தைக்குப்போல வாய் கோணுகிறது, சத்தம் எழவில்லை. இடது கையை மட்டும் சற்றே தூக்கி, அவனை விலக்குவதுபோல மெல்ல நீட்டுகிறாள். அது முகத்தின் அருகே வரவே இல்லை. திட்டத்தில் இல்லாத இந்தக் கொலைக்குத்தான் கோடரியின் கூர்ப்பக்கம்.

அந்தக் கை திரும்பவும் வருகிறது. ஐந்தாம் பாகம், நான்காம் அத்தியாயம். ரஸ்கோல்னிகோவ் தன் குற்றத்தைச் சொல்லத் தேடிப் போகும் பெண் சோனியா. கொன்றது யாரென்று அவள் ஊகிக்கும் கணத்தில் அவள் முகத்தில் லிஸவேதாவின் முகத்தைப் பார்க்கிறான். அவளும் இடது கையை நீட்டி, விரல்களை அவன் மார்பில் லேசாக ஊன்றிப் பின்வாங்குகிறாள். அதே பயம் அவன் முகத்துக்கும் தொற்றிக்கொள்கிறது. சற்று நேரத்தில் அதே சோனியா மண்டியிட்டு அவனைக் கட்டிக்கொள்கிறாள்.

முதல் பாகத்தின் ஏழாம் அத்தியாயத்தையும் இதையும் ஒரே அமர்வில் படியுங்கள். கைகளை மட்டும் பாருங்கள். அதன் பிறகும் செயற்கையாகத் தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம்.